ஒரே சாலை, ஐந்து கணக்கு: டெட்ராய்ட் வட்டாரத்தின் சாலை நிதிப் பங்கீடு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு மேற்கே ஃபோர்டு சாலை என்றொரு நெடுஞ்சாலை ஓடுகிறது. அரசுப் பதிவேட்டில் அதன் பெயர் எம்-153. மேற்கிலிருந்து நகரை நோக்கி வருபவர் கேன்டன் டவுன்ஷிப்பைக் கடப்பார். பிறகு வெஸ்ட்லண்ட், கார்டன் சிட்டி, டியர்போர்ன் ஹைட்ஸ், டியர்போர்ன் என நான்கு நகரங்கள். இருபுறமும் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும் விட்டுப்போகாமல் தொடர்வதால், ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ஐந்து ஊர்களும் வெய்ன் கவுண்டிக்குள் இருப்பவை.

இந்தச் சாலையை மாநில அரசு அகலப்படுத்துகிறது, அல்லது பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிய அரசின் நிதி போக எஞ்சும் செலவில் யார் எவ்வளவு தர வேண்டும்? சில விலக்குகள் நீங்கலாக, மாநிலச் சட்டம் இப்படிச் சொல்கிறது: 50,000 அல்லது அதற்கு மேல் மக்கள் வாழும் நகரம் 12.5 சதவீதம் தர வேண்டும். 40,000 முதல் 50,000 வரை என்றால் 11.25 சதவீதம், 25,000 முதல் 40,000 வரை என்றால் 8.75 சதவீதம். அதற்கும் சிறிய நகரங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. டவுன்ஷிப்புகள், எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், எதுவும் தர வேண்டியதில்லை.

ஆகவே ஏறத்தாழ 27 ஆயிரம் பேர் வாழும் கார்டன் சிட்டி தன் எல்லைக்குள் நடக்கும் வேலைக்குப் பங்கு கட்டுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 98,659 பேர் வாழும் கேன்டன் கட்டுவதில்லை. கேன்டனில் வீடுகள் குறைவு என்றோ, கார்கள் குறைவு என்றோ இதற்குக் காரணம் சொல்ல முடியாது. கேன்டன் சட்டப்படி நகரம் அல்ல. காரணம் அது ஒன்றுதான்.

நகரத்தின் பணத்தைப் புறநகர் தின்கிறதா, புறநகரின் பணத்தை நகரம் தின்கிறதா என்ற சண்டை டெட்ராய்ட் வட்டாரத்தில் பல தலைமுறைகளாக நடக்கிறது. இரு தரப்பிடமும் எண்கள் இருக்கின்றன. இரு தரப்பு எண்களும் பெரும்பாலும் சரியானவையே. எதை எண்ண வேண்டும் என்று சட்டம் முன்பே முடிவு செய்துவிட்டது; பங்கு அந்த முடிவிலிருந்து பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சாலை யாருடையது?

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. மிச்சிகனில் 83 கவுண்டிகள் உள்ளன. ஒவ்வொரு கவுண்டியும் நகரங்களாகவும் டவுன்ஷிப்புகளாகவும் பிரிந்திருக்கிறது. வெய்ன் கவுண்டியில் டெட்ராய்ட் உட்பட 34 நகரங்களும் 9 டவுன்ஷிப்புகளும் உண்டு. நகரம் தன் தெருக்களைத் தானே பராமரிக்க வேண்டும். டவுன்ஷிப்புக்குள் இருக்கும் சாலைகளைக் கவுண்டி பார்த்துக்கொள்கிறது. பெரிய நெடுஞ்சாலைகள் மட்டும் எங்கே இருந்தாலும் மாநிலத்துடையவை.

இந்த ஏற்பாட்டின் வேர் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் கிராமச் சாலைகள் எல்லாம் டவுன்ஷிப்புகளின் பொறுப்பாக இருந்தன. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சுவரை சேற்றில் புதையும் சாலைகள் அவை. வாக்காளர்கள் ஒப்புக்கொண்டால் ஒரு கவுண்டி தனக்கெனச் சாலை ஆணையம் அமைத்து வரி வசூலிக்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. வெய்ன் கவுண்டி 1906இல் தன் ஆணையத்தை அமைத்தது. முதல் உறுப்பினர்கள் மூவரில் ஒருவர் ஹென்றி ஃபோர்டு. இன்னொருவரான எட்வர்டு ஹைன்ஸ், 1911இல் சாலை நடுவே வெள்ளைக்கோடு போடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவராக நினைவுகூரப்படுகிறார்.

அந்த ஆணையம் 1909இல் வுட்வர்ட் அவென்யூவில் ஆறாம் மைல் சாலைக்கும் ஏழாம் மைல் சாலைக்கும் இடையே ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சாலை போட்டது. நாட்டின் முதல் கான்கிரீட் நாட்டுப்புறச் சாலை என்று அது பெயர் பெற்றது. அந்த மைல் அன்று டெட்ராய்ட் எல்லைக்கு வெளியே, கிரீன்ஃபீல்டு டவுன்ஷிப்பில் இருந்தது. 1910 கணக்கெடுப்பில் வெய்ன் கவுண்டியின் மக்கள்தொகை 531,591. அதில் 465,766 பேர் டெட்ராய்ட்காரர்கள். கவுண்டி வரியின் பெரும்பகுதி எவர் வீட்டிலிருந்து வந்திருக்கும் என்பதை இந்த எண்களே காட்டிவிடும். புகழ்பெற்ற அந்தச் சாலை, நகரத்தார் பணத்தில் நகரத்துக்கு வெளியே போடப்பட்ட சாலை. பிற்பாடு நகரம் வளர்ந்து அந்த இடத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டதால் அன்றைய செலவைப் பற்றி இன்று யாரும் குறைபடுவதில்லை.

1931இல் அடுத்த திருப்பம். பெருமந்தத்தில் நிலவரி கட்ட முடியாமல் விவசாயிகள் திணறியபோது, மாநிலச் சட்டமன்றம் மக்நிட் சட்டத்தை இயற்றியது. டவுன்ஷிப் சாலைகள் அனைத்தும், ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்காக, கவுண்டிகளின் கைக்கு மாற்றப்பட்டன. வயல்வெளிக்கு நடுவே ஓடிய மண்சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. அதே வயல்கள் பின்னாளில் வீட்டுமனைகளாகி, டவுன்ஷிப்புகளில் லட்சம் பேர் குடியேறுவார்கள் என்று அன்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பக்கத்திலுள்ள மகோம்ப் கவுண்டியின் கிளின்டன் டவுன்ஷிப்பில் 2020 கணக்கெடுப்பின்படி 100,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். அங்கும் சாலைகள் கவுண்டியின் பொறுப்புதான்.

1951இன் சூத்திரம்

இன்று பணத்தைப் பிரிக்கும் சட்டம் 1951இல் வந்தது. அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் அதை 'சட்டம் 51' என்றே அழைக்கிறார்கள். பெட்ரோல், டீசல் மீதான வரியும் வாகனப் பதிவுக் கட்டணமும் ஒரே நிதியில் சேர்கின்றன. பொதுப் போக்குவரத்துக்கான பங்கையும் வேறு சில ஒதுக்கீடுகளையும் கழித்தபின் மிஞ்சுவது மூன்றாகப் பிரிகிறது: மாநில நெடுஞ்சாலைகளுக்கு 39.1 சதவீதம், 83 கவுண்டிகளுக்கு 39.1 சதவீதம், நகரங்களுக்கும் நகராட்சித் தகுதி பெற்ற கிராமங்களுக்கும் 21.8 சதவீதம்.

இந்தப் பிரிவினை நியாயமா என்று கேட்டால் மூவருக்கும் வாதம் உண்டு. மாநிலத்தின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைக் கவுண்டிகள் பராமரிக்கின்றன. நீளத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கிடைப்பது குறைவு. மாநில நெடுஞ்சாலைகள் நீளத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது, ஆனால் மொத்தப் போக்குவரத்தில் பாதிக்கு மேல் அவற்றின் மீதுதான் ஓடுகிறது; ஓட்டத்தைப் பார்த்தால் மாநிலத்துக்குக் கிடைப்பது குறைவு. நகரத் தெருவோ வெறும் தார்ப்பரப்பு மட்டுமல்ல. அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், ஓரத்தில் நடைபாதை, விளக்கு, வடிகால் என்று ஒவ்வொரு மைலும் கூடுதல் செலவு கேட்கும்.

மூன்று பங்குகளாகப் பிரிந்ததோடு கணக்கு முடிவதில்லை. கவுண்டிகளுக்குப் போகும் பணத்தில் ஒரு பெரிய பகுதி முதன்மைச் சாலைகளுக்கானது. அதில் நான்கில் மூன்று பங்கு, எந்தக் கவுண்டியில் எவ்வளவு வாகனப் பதிவுக் கட்டணம் வசூலானதோ அந்த விகிதத்தில் செல்கிறது. பத்தில் ஒரு பங்கு சாலை நீளத்துக்கு. எஞ்சிய 15 சதவீதம் 83 கவுண்டிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. 2020இல் 18 லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை கொண்ட வெய்ன் கவுண்டிக்கும், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் வடகோடி கீவனா கவுண்டிக்கும் அந்த 15 சதவீதத்தில் ஒரே பங்கு.

பதிவுக் கட்டணம் என்ற அளவுகோல் மேலோட்டமாகப் பார்த்தால் நடுநிலையானது. ஆனால் மிச்சிகனில் 1984 மாதிரி முதலான கார்களுக்குக் கட்டணம், காரின் பட்டியல் விலையைப் பொறுத்தது. விலை உயர்ந்த புதுக் கார்கள் நிறைந்த, டெட்ராய்ட்டுக்கு வடக்கே உள்ள ஓக்லண்ட் போன்ற கவுண்டிக்கு இது சாதகம். இன்னொன்றும் உண்டு. டெட்ராய்ட்காரர் ஒருவர் கட்டும் பதிவுக் கட்டணம் வெய்ன் கவுண்டியின் பங்கைக் கணக்கிடும்போது சேர்த்துக்கொள்ளப்படுகிறது. அந்தக் கணக்கால் வரும் பணம் கவுண்டியின் கையில் உள்ள சாலைகளுக்குப் போகிறது. அவற்றில் பெரும்பகுதி டெட்ராய்ட்டுக்கு வெளியே இருக்கிறது. அவர் வீட்டு வாசல் தெருவோ நகரங்களுக்கான 21.8 சதவீதப் பங்கிலிருந்தும் நகராட்சி வரியிலிருந்தும்தான் சரிசெய்யப்பட வேண்டும். புறநகர் நகரங்களில் வாழ்வோர் நிலையும் இதுவே. டெட்ராய்ட் மட்டும் பாதிக்கப்படுகிறது என்று சொன்னால் பிழையாகும். நகரம் என்று பதிவு பெற்ற ஒவ்வோர் ஊரும் இந்த வரிசையில் நிற்கிறது.

ஆள் குறைந்தால் சாலை குறைவதில்லை

நகரங்களுக்கான பங்கு ஒவ்வொரு நகரத்துக்கும் எப்படிப் பிரிகிறது என்பதில்தான் டெட்ராய்ட்டின் துயரம் இருக்கிறது. 60 சதவீதம் மக்கள்தொகைப்படி, 40 சதவீதம் சாலை நீளப்படி. பெரிய தெருக்களுக்கான கணக்கில் அந்த நீளமும், நகரின் மக்கள்தொகை ஏற ஏறக் கூடும் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கப்படுகிறது. அதாவது மக்கள்தொகை இரண்டு இடங்களில் எண்ணப்படுகிறது.

சட்டம் எழுதப்பட்ட காலத்தை நினைத்துப் பார்த்தால் இதில் பிழை தெரியாது. 1950இல் டெட்ராய்ட்டில் 1,849,568 பேர் வாழ்ந்தார்கள். நகரின் வரலாற்றில் அதுவே உச்சம். வெய்ன் கவுண்டி மக்களில் நான்கில் மூன்று பேர் டெட்ராய்ட்டில் இருந்தார்கள். ஆனால் சட்டத்தின் மை காய்வதற்குள் ஓட்டம் தொடங்கிவிட்டது. 1954இல், நகரின் வட எல்லையான எட்டாம் மைல் சாலைக்கு அப்பால், அன்றைய சவுத்ஃபீல்டு டவுன்ஷிப்பில் நார்த்லண்ட் என்ற பிரம்மாண்டமான வணிக வளாகத்தை டெட்ராய்ட்டின் ஹட்சன் கடை நிறுவனமே திறந்தது. நாட்டிலேயே முன்மாதிரியான வளாகம் என்று அது பேசப்பட்டது. 1983இல் அதே நிறுவனம் நகர மையத்திலிருந்த தன் பெருங்கடையை மூடிவிட்டது.

வாடிக்கையாளரை இழுத்துச் சென்ற விரைவுச்சாலைகள் நகரத்தைக் கிழித்துக்கொண்டுதான் போயின. வரி கட்டிய கடைகளும் வீடுகளும் அவற்றுக்காக இடிக்கப்பட்டன. கருப்பின மக்களின் வணிகத் தெருவாக விளங்கிய ஹேஸ்டிங்ஸ் தெரு கிரைஸ்லர் விரைவுச்சாலைக்கு அடியில் மறைந்துபோனது. வெளியேறியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். எட்டாம் மைல் சாலை இனவேற்றுமையின் எல்லைக்கோடாக மாறியது. 1974இல் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில், டெட்ராய்ட் பள்ளிகளையும் புறநகர்ப் பள்ளிகளையும் இணைக்கும் திட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிராகரித்தபோது, உள்ளாட்சி எல்லைகளுக்கு இன்னும் கனம் கூடியது.

2020இல் டெட்ராய்ட் மக்கள்தொகை 639,111. எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதே காலத்தில் ஓக்லண்ட் கவுண்டி 396,001இலிருந்து 1,274,395 ஆக வளர்ந்தது. நகரின் பரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, ஏறத்தாழ 139 சதுர மைல்.

சூத்திரம் இங்கே என்ன செய்கிறது என்பதை எளிய உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு நகரத்துக்கு 100 ரூபாய் வருகிறது. 60 ரூபாய் ஆள் கணக்கில், 40 ரூபாய் நீளக் கணக்கில். மற்றவை மாறாமல் இருக்க, மக்களில் பாதிப் பேர் வெளியேறினால் 60 என்பது 30 ஆகிறது. மொத்தம் 70. பெருக்கெண்ணும் இறங்கினால் அதற்கும் கீழே. ஆனால் தெருக்களின் நீளத்தில் ஓர் அடிகூடக் குறையவில்லை. குளிர்காலத்தில் விரிசலுக்குள் இறங்கிய நீர் உறைந்து விரிந்து, பின் உருகித் தாரைப் பெயர்க்கும்போது, அந்தத் தெருவில் பத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா, மூன்று வீட்டிலா என்று பார்ப்பதில்லை. எஞ்சிய மூன்று வீட்டாருக்கும் பனி அகற்ற வேண்டும், ஆம்புலன்ஸ் வர வேண்டும்.

2013இல் டெட்ராய்ட் திவாலானதற்குச் சாலை நிதிச் சூத்திரம் காரணம் என்று சொல்ல முடியாது. ஓய்வூதியக் கடன், வேலையிழப்பு, வரி வருவாயின் சரிவு என்று காரணங்கள் பல. ஆனால் விழுந்துகொண்டிருந்த நகரத்தைத் தாங்கிப் பிடிக்கும்படி அந்தச் சூத்திரம் அமையவில்லை. சரிவின் பெரும்பகுதியை அது தன் கணக்கில் ஏற்றிக்கொண்டது.

புறநகரின் பக்கம்

இதைப் படித்தவர் புறநகரங்கள் சுகமாக இருக்கின்றன என்று எண்ணலாம். ஓக்லண்ட் கவுண்டி சாலை ஆணையத்திடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். 2,700 மைலுக்கு மேற்பட்ட சாலைகள் அவர்கள் பொறுப்பில் உள்ளன. மிச்சிகன் கவுண்டிகளில் இதுவே மிகப் பெரியது. அவற்றில் ஏறத்தாழ 750 மைல் இன்னும் சரளைச் சாலைகள். மாநிலத்தின் செல்வம் மிகுந்த கவுண்டிகளில் ஒன்றில் இந்த நிலை.

அவர்களுடைய நெடுநாள் புகார், சூத்திரம் சாலையின் நீளத்தை எண்ணுகிறதே தவிர தடங்களை எண்ணுவதில்லை என்பது. ஐந்து தடங்கள் கொண்ட ஒரு மைலும் இரண்டு தடங்கள் கொண்ட ஒரு மைலும் கணக்கில் ஒரே மைல்தான். நாளெல்லாம் வண்டி நெருக்கும் ஐந்து தடச் சாலைக்குத் தாரும் அதிகம், தேய்மானமும் அதிகம், பனி வாரும் செலவும் அதிகம். நெருக்கமாக நகரமயமான கவுண்டி, டெட்ராய்ட்டைப் போலவே, இந்த எண்ணும் முறையால் இழக்கிறது. எட்டாம் மைலுக்கு இருபுறமும் இருப்பவர்கள் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். ஒருவரையொருவர் நோக்கிச் சொல்வதால் அது ஒரே குறை என்பது எவருக்கும் தெரிவதில்லை.

டவுன்ஷிப் மக்களும் முழுக்க இலவசமாகச் சாலை பெறுபவர்கள் அல்லர். கவுண்டியின் உள்ளூர்ச் சாலைகளைப் புதிதாகப் போட மாநில நிதியை மட்டும் நம்பிச் செலவழிக்கச் சட்டம் விடுவதில்லை. ஈடான தொகை வேறிடத்திலிருந்து வர வேண்டும். அதனால் பல டவுன்ஷிப்புகள் தனி வரி போடுகின்றன. குடியிருப்புத் தெருக்களை மறுபடி போட வேண்டுமானால், ஓக்லண்ட்டில் அந்தத் தெருக்காரர்களே மனு கொடுத்துச் செலவைத் தங்களுக்குள் பிரித்துக் கட்டும் முறை இருக்கிறது. கேன்டன்வாசிகளைக் குறை சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓக்லண்ட்டில் ஒரு நல்ல வழக்கமும் உண்டு. முத்தரப்புத் திட்டம் என்ற பெயரில், கவுண்டிச் சாலையில் ஒரு வேலை நடக்கும்போது சாலை ஆணையம் மூன்றில் ஒரு பங்கு, கவுண்டி அரசு மூன்றில் ஒரு பங்கு, அந்த நகரம் அல்லது டவுன்ஷிப் மூன்றில் ஒரு பங்கு என்று போடுகின்றன. இங்கே நகரமா, டவுன்ஷிப்பா என்ற பேதம் இல்லை. தொகை சிறிதுதான் என்றாலும், சூத்திரத்தால் ஆகாததை உடன்பாட்டால் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

எல்லையை அழித்தால் தீருமா?

நகரையும் கவுண்டியையும் ஒன்றாக்கிவிட்டால் தகராறு தீரும் என்பவர்கள் உண்டு. பக்கத்து மாநிலமான இண்டியானாவில் 1970இல் இண்டியானாபொலிஸ் நகரமும் மேரியன் கவுண்டியும் அப்படி இணைக்கப்பட்டன. அப்போதும் நான்கு சிறு நகரங்கள் தனித்து நின்றன. காலப்போக்கில் வளர்ச்சி கவுண்டி எல்லையைத் தாண்டி ஹாமில்டன் போன்ற அண்டைக் கவுண்டிகளுக்குச் சென்றது. தடங்களை எண்ணாமல் நீளத்தை எண்ணும் சூத்திரம் தங்களுக்கு அநீதி செய்கிறது என்ற அதே புகார் அங்கும் எழுந்தது. எல்லை அழியவில்லை, பத்திருபது மைல் தள்ளிப் போனது. எண்ணும் முறை மாறாதவரை எல்லை எங்கே இருந்தாலும் அங்கே சண்டை நடக்கும்.

பின் ஏன் எண்ணும் முறையை மாற்றவில்லை? மொத்தப் பணம் கூடாமல் பங்கை மட்டும் மாற்றினால், யாருக்கோ கூடும், யாருக்கோ குறையும். 83 கவுண்டிகள், 500க்கு மேற்பட்ட நகரங்கள், கிராமங்கள் ஒவ்வொன்றுக்கும் சட்டமன்றத்தில் குரல் இருக்கிறது. ஆகவே அரசியல்வாதிகள் பங்கைத் தொடாமல் தொகையைக் கூட்டவே முனைகிறார்கள். அதுவும் எளிதல்ல. 2015 மே மாதம் சாலைக்காக விற்பனை வரியை உயர்த்தும் திட்டம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஏறத்தாழ 80 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களித்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் சட்டமன்றம் தானே முடிவெடுத்து, கேலனுக்கு 19 சென்ட்டாக இருந்த பெட்ரோல் வரியை 2017 முதல் 26.3 சென்ட்டாக்கியது. கூடுதல் வரியும் 39.1, 39.1, 21.8 என்ற பழைய வாய்க்காலிலேயே விடப்பட்டது.

செய்ய வேண்டியவை

மூன்று திருத்தங்கள் இந்தக் கணக்கை நேராக்கும். சாலையின் நீளத்தோடு தடங்களின் எண்ணிக்கையையும் போக்குவரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். டெட்ராய்ட்டும் ஓக்லண்ட்டும் இதில் ஒரே பக்கம் நிற்க முடியும். மக்கள்தொகை சரியும் நகரத்தின் பங்கு உடனே சரியாமல், பல ஆண்டுகளில் படிப்படியாக இறங்கும்படி செய்ய வேண்டும். விட்டுப்போன தெருக்களை மூடவோ குறுக்கவோ அந்த நகரத்துக்கு அவகாசம் கிடைக்கும். மாநில நெடுஞ்சாலைச் செலவில் உள்ளூர்ப் பங்கு என்பது ஊரின் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் அளவைப் பார்க்க வேண்டும். எல்லோரும் கட்டட்டும், அல்லது எவரும் கட்ட வேண்டாம்.

முதல் திருத்தத்தால் மக்கள் குறைந்த வடபகுதிக் கவுண்டிகள் கொஞ்சம் இழக்கும். அவர்களுக்கென உள்ள சமபங்கை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம். மூன்றாவது திருத்தத்துக்கு அந்தத் தயக்கமும் தேவையில்லை. நகரத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் இடையே 1931இல் இருந்த வேறுபாடு இன்று தரையில் இல்லை, சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அது அங்கே இருக்கும்வரை, ஃபோர்டு சாலையில் அடுத்த வேலை நடக்கும்போதும் 27 ஆயிரம் பேரின் கார்டன் சிட்டிக்குப் பங்குச் சீட்டு போகும். 98 ஆயிரம் பேரின் கேன்டனுக்குப் போகாது.